நக்கெட்டில் எவ்வளவு கோழி இருக்கிறது?

உறைந்த சிக்கன் நக்கெட் பை ஒன்றை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘சிக்கன் 52 சதவீதம்’ என்றோ, 48 என்றோ, 60 என்றோ ஓர் எண் இருக்கும். அந்தப் பையில் அச்சடித்திருப்பவற்றில் மிகவும் உருப்படியான தகவல் அதுதான். மீதமுள்ளது மாவு, பிரெட் தூள், எண்ணெய், தண்ணீர், சோயா, ஸ்டார்ச், உப்பு. அதே நக்கெட்டை ஒரு செயின் உணவகத்தில் பொரித்து அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் அந்த எண்ணும் கிடைக்காது. பர்கருக்குள் வைக்கும் பேட்டி (அரைத்த கறியை வட்டமாகத் தட்டியது), பாப்கார்ன் சிக்கன், சாசேஜ், பீட்சாவின் மேல் தூவும் கறித்துண்டு எல்லாவற்றுக்கும் நிலைமை இதேதான்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது மாநிலம் முழுக்கக் கடைகளில் சோதனை நடந்தது. கிலோ கணக்கில் கறியைப் பறிமுதல் செய்து அழித்தார்கள். அது செய்யவேண்டிய வேலை. கெட்டுப்போன கறியை மூக்கும் தெர்மாமீட்டரும் காட்டிக்கொடுக்கும். ஆனால் சட்டத்துக்கு உட்பட்டே, சுத்தமான ஆலையில், பாதிக்குப் பாதி கோழி சேர்த்துச் செய்த ஒரு பொருளைக் கோழி என்று விற்பதை எந்தச் சோதனையும் பிடிக்காது. சாப்பிட்டால் உடனே நோய் வராது, உண்மை. ஆனால் காசு கொடுப்பவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்பது தெரியவேண்டும். அது இப்போது தெரிவதில்லை என்பதுதான் என் கவலை.

நம் ஊர்க் கறிக்கடையில் கோழியை உயிரோடு எடை போட்டு, கண் முன்னால் உரித்து, நாம் சொல்கிற அளவில் வெட்டிக் கொடுக்கிறார்கள். சுகாதாரத்தில் அங்கே குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் எது நெஞ்சுக்கறி, எது கழுத்து, எவ்வளவு தோல் போனது என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரியும். கறி கைமா மெஷினுக்குள் போன நிமிடமே அந்த வாய்ப்பு முடிந்தது. அரைத்த கறியில் எந்தப் பாகம், எந்தப் பறவை, எத்தனை நாள் பழையது என்று கண்ணால் சொல்லவே முடியாது. அதன்பிறகு ஆலையின் குறிப்பேட்டையும் லேபிளையும் நம்புவதைத் தவிர வழியில்லை.

நக்கெட் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் எது நுழைகிறது என்பது விளங்கும். அரைத்த கோழியைச் சாசேஜ் போல் ஓர் உறைக்குள் அடைக்காமலே ஒட்ட வைப்பதும், பொரிக்கும்போது மேல்மாவு கழன்று போகாமல் காப்பதும்தான் இதில் ஆதியிலிருந்த இரண்டு சிக்கல்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேக்கர் 1960களில் இரண்டையும் தீர்த்தார். காப்புரிமை வாங்காமல் முறையை வெளியிட்டார். 1983இல் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்கா முழுக்க நக்கெட் விற்கத் தொடங்கியதும் இந்தத் தொழில் பெரிதானது.

இன்றைய ஆலையில் எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறித் துணுக்கு, தொடைக்கறி, தோல் மூன்றையும் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிரவைத்து, சில மில்லிமீட்டர் துளையுள்ள தட்டு வழியாக அரைக்கிறார்கள். பிறகு மிக்சரில் உப்பும் பாஸ்பேட்டும் ஐஸ்தண்ணீரும் சேர்த்துப் பிசைகிறார்கள். உப்பு தசையிலிருந்து மயோசின் என்ற புரதத்தை வெளியே இழுக்கும். கலவை பசைபோல் ஒட்டத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் சூடு ஏறக்கூடாது. நாலைந்து டிகிரியைத் தாண்டினால் கொழுப்பு இளகிப் பரவி, புரதம் ஒட்டும் வலுவை இழந்து, பொரிக்கும்போது நக்கெட் பிளந்து எண்ணெய் குடிக்கும். அதனால்தான் தண்ணீரை ஐஸாகவே போடுகிறார்கள்; சில ஆலைகளில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு தூவுவார்கள். அடுத்து ஃபார்மிங் மெஷின் உறையும் நிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் கலவையை அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கும். அதன்மேல் முதலில் உலர்ந்த மாவு, பிறகு கரைத்த மாவு, அதன்மேல் பிரெட் தூள். பிறகு 180 முதல் 190 டிகிரி எண்ணெயில் அரை நிமிடத்துக்குள் ஒரு முக்கு. இந்த முக்கு மேல்மாவை இறுக்கத்தான். உள்ளே கறி வேகாது. முழுதாக வேகவைத்து விற்பவர்கள் அதற்குப் பிறகு நீராவி அடுப்பில் விட்டு நடுப்பகுதியை 74 டிகிரி வரை கொண்டுபோவார்கள். கடைசியாகக் கடுங்குளிர்க் காற்றில் உறையவைத்து, மைனஸ் 18 டிகிரியில் சேமிப்பு.

கணக்கைப் பார்க்க ஓர் உதாரணக் கலவை. உள்ளீடு (மேல்மாவுக்கு உள்ளே இருக்கும் கலவை) 100 கிலோவுக்கு எலும்பில்லாக் கறி 62 கிலோ, தோல் 13, ஐஸ்தண்ணீர் 15, சோயா 4, ஸ்டார்ச் 3, உப்பு 1.3, பாஸ்பேட் 0.3, மீதி மசாலா என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர விலைச் சரக்குக்கு இது ஒன்றும் மோசமான கலவை கிடையாது. இதன்மேல் மாவும் தூளும் ஏறி, விற்கும் எடையில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக 100 கிராம் நக்கெட்டில் உள்ளீடு 70 கிராம். அதில் தசைக்கறி 43 கிராம், தோல் 9 கிராம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் லேபிளில் ‘சிக்கன் 52 சதவீதம்’. தோலை விட்டால் 43. ‘சிக்கன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த வித்தியாசம் முழுக்க ஒளிந்துகொள்கிறது. தோல் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, நக்கெட் வறளாமல் இருப்பதே அதனால்தான். ஆனால் நம் ஊரில் தோலை உரித்துப் போட்டுவிட்டுத்தான் கறி வாங்குகிறோம். அதையே கறி விலையில் திரும்ப வாங்கும்போது தெரிந்து வாங்கவேண்டும்.

மேல்மாவுக்கு அமெரிக்க வேளாண்துறை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பிரெட் தூள் போட்ட கோழிப் பொருளில் மாவும் தூளும் சேர்ந்து 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேறு பெயரில்தான் விற்க முடியும். ஓர் எண்ணை வைத்தால் பெயருக்கு ஒரு மதிப்பு வருகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2013இல் ஜாக்சன் நகரில் இரண்டு செயின் உணவகங்களிலிருந்து கடைக்கு ஒரு நக்கெட் வாங்கி, திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒன்றில் தசை சுமார் பாதி. இன்னொன்றில் 40 சதவீதம்தான். மீதி கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்பு, இணைப்புத் திசு, எலும்புத் துணுக்கு. இரண்டே நக்கெட்டை வைத்து ஒரு தொழிலையே எடைபோட முடியாது. அப்படி எடைபோட்டுப் பரப்பும் பதிவுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் நுண்ணோக்கி கொண்டுபோனால்தான் விடை கிடைக்கும் என்ற நிலையே கவனிக்கவேண்டிய விஷயம்.

எலும்புத் துணுக்கு எப்படி வந்தது? நெஞ்சும் தொடையும் வெட்டி எடுத்தபின் கோழியின் கூடும் கழுத்தும் முதுகும் மிஞ்சும். அதில் ஒட்டிய கறியைக் கத்தியால் எடுப்பது கட்டுப்படியாகாது. அதனால் கூட்டை அப்படியே நொறுக்கி, நுண்ணிய துளையுள்ள சல்லடை வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். எலும்பு பின்தங்கும், கறியும் கொழுப்பும் மஜ்ஜையும் இளஞ்சிவப்புக் கூழாக வெளியே வரும். மஜ்ஜையில் இரும்புச்சத்து இருப்பதால் இந்தக் கூழ் சீக்கிரம் காற்றோடு வினைபுரிந்து சிக்கு வாடை அடிக்கும். நார் முழுக்க உடைந்திருப்பதால் கிருமி வளர இடமும் அதிகம். அமெரிக்காவில் 1996 முதல் இதை ‘இயந்திரத்தால் பிரித்த கோழி’ என்று தனியாகப் பட்டியலில் எழுதவேண்டும். மாட்டுக்கறியில் இந்த முறையையே 2004இல் பைத்தியப் பசு நோய் பயத்தால் தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறார்: இந்தக் கூழை ‘இறைச்சி’ சதவீதத்தில் சேர்க்கவே கூடாது. ஒரு சரக்கில் கூழ் கலந்திருக்கிறதா என்று ஆய்வகம் முதலில் பார்ப்பது கால்சியத்தை. எலும்புத்தூள் எவ்வளவு கலந்ததோ அவ்வளவு கால்சியம் ஏறியிருக்கும். மலிவு விலை சாசேஜில் இது இருக்க வாய்ப்பு அதிகம். நார் தெரியும்படியான நக்கெட்டில் குறைவு.

தண்ணீர் விஷயம் இதைவிடப் பரவலானது, பேசப்படுவது குறைவு. பாஸ்பேட் கறியின் காரத்தன்மையைச் சற்று உயர்த்தும், நார்கள் விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 0.3 சதவீதம் போட்டால் சுட்டபின்னும் சாறு நிற்கும், அதுவரை நியாயம். அதற்குமேல் உப்புநீரை ஊசியால் ஏற்றி எடை கூட்டுவது மோசடி. பாஸ்பேட்டின் பிடிக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், இன்னும் அதிகத் தண்ணீரைக் கட்டிவைக்க வேறு புரதம் தேவைப்படும். 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போன நெதர்லாந்து நெஞ்சுக்கறியில் இதுதான் நடந்தது. தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த மாட்டுப் புரதமும் பன்றிப் புரதமும் தண்ணீரோடு ஏற்றப்பட்டிருந்ததை பிரிட்டன், அயர்லாந்து அதிகாரிகளின் சோதனைகள் காட்டின. ஹலால் பார்த்து வாங்கியவர்களுக்கும் மாட்டுக்கறி தொடாதவர்களுக்கும் இது வெறும் எடைப் பிரச்சினை இல்லை.

வெளிப்படையாக இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ‘பிங்க் ஸ்லைம்’ (இளஞ்சிவப்புக் கொழகொழப்பு) விவகாரம் ஒரு பாடம். மாட்டுக் கொழுப்புத் துணுக்கைச் சூடாக்கி, சுழற்றிக் கொழுப்பைப் பிரித்து, மிஞ்சிய மெல்லிய கறியை அம்மோனியா வாயுவில் காட்டிக் கிருமியைக் கொன்று, அரைத்த மாட்டுக்கறியில் கலந்தார்கள். அந்தப் பட்டப்பெயர் 2002இல் வேளாண்துறை நுண்ணுயிரியலாளர் ஒருவரின் மின்னஞ்சலில் பிறந்தது. மெக்டொனால்ட்ஸ் 2011இல் அதை நிறுத்திக்கொண்டது. 2012 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சி தொடர்ந்து செய்தி வெளியிட, தயாரித்த நிறுவனத்தின் நான்கு ஆலைகளில் மூன்று மூடப்பட்டன. நிறுவனம் வழக்குப் போட்டது. 2017இல் சமரசம் ஆனது. ஏபிசியின் தாய்நிறுவனமான டிஸ்னி தன் கணக்கில் 17.7 கோடி டாலர் எழுதியது. என் பார்வையில் அந்தப் பொருள் ஆபத்தானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது லேபிளில் இல்லாமலே கறியில் கலந்திருந்தது என்பதே மக்களின் கோபம். முதலிலேயே எழுதியிருந்தால் வாங்குகிறவர் வாங்குவார், விடுகிறவர் விடுவார், ஆலைகளும் நின்றிருக்கும்.

பொய் லேபிள் எவ்வளவு தூரம் பயணம் போகும் என்பதை 2013 குதிரைக்கறி விவகாரம் காட்டியது. ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் சோதனை முடிவை வெளியிட்டது. கடைகளில் வாங்கிய 27 மாட்டுக்கறி பர்கர்களில் 10இல் குதிரை டி.என்.ஏ., 23இல் பன்றி டி.என்.ஏ. பெரும்பாலானவற்றில் மிகச் சிறிய தடயம்தான். ஆனால் டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடி விற்ற ஒரு பர்கரில் கறியில் 29 சதவீதம் குதிரை. சில வாரங்களில் ஃபைண்டஸ் என்ற உறைந்த உணவு பிராண்டின் லசானியாவில் (கறி வைத்த இத்தாலிய உணவு) மாட்டுக்கறிக்குப் பதில் முழுக்கக் குதிரையே கண்டுபிடிக்கப்பட்டது. அந்த லசானியாவைச் செய்தது லக்சம்பர்க்கில் ஓர் ஆலை. அதற்குக் கறி கொடுத்தது தென்பிரான்ஸ் நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு விற்றது சைப்ரஸில் பதிவான ஒரு தரகு நிறுவனம், இடையில் நெதர்லாந்துக் கிடங்கு. கறி புறப்பட்ட இடமோ ருமேனியக் கசாப்புக்கூடம். ருமேனியாவிலிருந்து கிளம்பும்போது தாளில் ‘குதிரை’ என்றே எழுதியிருந்தது. வழியில்தான் அது மாடாக மாறியது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் தரகருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் மேலாளர் ஒருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது.

இதில் ஆலை, உணவகம் இருவருமே ஏமாந்திருக்க வாய்ப்புண்டு. உறைந்த கறி பெரிய கட்டியாக, பிளாஸ்டிக் உறையில், பெட்டியில் வருகிறது. உருகாமல் உள்ளே என்ன என்று பார்க்க முடியாது. உருகவைத்தாலும் அது துணுக்குகள்தான். பெட்டிமேல் ஒட்டிய தாளைக் கிழித்து வேறு ஒட்ட ஒரு நிமிடம் போதும். விலை மட்டும்தான் எச்சரிக்கை மணி. சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவான விலைக்குக் கறி வந்தால் ‘ஏன்’ என்று கேட்கவேண்டும். கேட்கத்தான் யாரும் இல்லை. இன்னொன்று: குதிரைகளுக்கு வலி மருந்தாகக் கொடுக்கும் ஃபினைல்புயூட்டசோன் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டது. பெயர் மாறிய கறியோடு இந்த மாதிரி மருந்து எச்சமும் சோதனையில்லாமல் உள்ளே வந்துவிடும் என்பது அப்போதைய அச்சங்களில் ஒன்று.

நமக்கு இதன் மறுபக்கம் நடந்தது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கறி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று அன்றே வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. சாலையோர பிரியாணிக் கடைக்காரர்கள் பல நாள் வியாபாரம் இழந்தார்கள். பிறகு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து ஆட்டுக்கறி என்றது. ஆனால் அந்தக் கறி எத்தனை நாள், எந்த வெப்பத்தில் பயணம் செய்தது, எங்கே யார் அறுத்தது என்ற கேள்விகளை வதந்தி விழுங்கிவிட்டது. எல்லாருடைய வாயிலும் நாய்தான் இருந்தது. சரக்கு வந்த வழி தாளில் தெளிவாக இருந்திருந்தால் வதந்தி ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

அரைத்த கறியில் கிருமி வேறுமாதிரி நடந்துகொள்ளும். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான். மேல் சுட்டால் செத்துவிடும். அரைத்தால் மேலே இருந்தது நடுவுக்குப் போய்விடும். அதுவும் நூற்றுக்கணக்கான விலங்குகளின் துணுக்கு ஒரே தொட்டியில் கலந்தால் ஒன்றின் கிருமி எல்லாவற்றுக்கும். 1993இல் அமெரிக்காவின் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற செயின் உணவகத்தின் பர்கர்களில் ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமி பரவி 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தன. அப்போது வாஷிங்டன் மாநிலம் பர்கரின் நடுப்பகுதி 68 டிகிரி வரவேண்டும் என்றது, மத்திய விதி 60 போதும் என்றது. மறு ஆண்டே அரைத்த மாட்டுக்கறியில் அந்தக் கிருமி இருந்தால் அது கலப்படம் என்று அறிவித்தார்கள். இன்றைய கணக்கு: அரைத்த மாட்டுக்கறிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74.

நம் வீடுகளில் தவறு நடப்பது வேறு இடத்தில். அரை நிமிட எண்ணெய் முக்கினால் பொன்னிறமாகத் தெரியும் நக்கெட்டைப் பார்த்து ‘ஏற்கெனவே வெந்தது’ என்று நினைத்து, சூடு பண்ணினால் போதும் என்று மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறோம். பையில் ‘பாதி வெந்தது’, ‘சமைத்து உண்ணவும்’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பச்சைக்கறிதான். இந்த ஒரு குழப்பத்தால் சால்மொனெல்லா திரும்பத் திரும்பப் பரவியதால் கனடா 2019 ஏப்ரல் முதல் இத்தகைய உறைந்த பச்சைக்கோழிப் பொருளில் அந்தக் கிருமி கண்டறியும் அளவுக்குக்கூட இருக்கக்கூடாது என்றது. ஆகவே உருகவைக்காமல், உறைந்தபடியே, 175 டிகிரி எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, மேலே பொன்னிறமாகத் தெரிந்தாலும் உள்ளே பச்சையாக நிற்கும். சிறு கடைகளில் அவசரத்தில் இதுதான் நடக்கிறது.

பை வாங்கும்போதே தடவிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக உருளவேண்டும். கட்டியாக ஒட்டியிருந்தாலோ, உள்ளே பனித்தூள் குவிந்திருந்தாலோ, பிரெட் தூள் உதிர்ந்து அடியில் கிடந்தாலோ அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மின்வெட்டின்போதும், இரவில் மின்கட்டணத்துக்குப் பயந்து ஃப்ரீசரை அணைக்கும் கடையிலும் இது சகஜம்.

இனி லேபிள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி, பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தும் பொருளின் சதவீதத்தைப் பையில் போடவேண்டும். பொருட்கள் எடைப்படி இறங்குவரிசையில் இருக்கவேண்டும். சிக்கனுக்கு அடுத்து இரண்டாவது பெயராகத் தண்ணீர் வருகிறதா, கோதுமை மாவு வருகிறதா என்று பாருங்கள். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான உலகப் பொது எண்; 450, 451, 452 என்றால் பாஸ்பேட். 1400களில் தொடங்கும் எண்கள் மாற்றிய ஸ்டார்ச். 407 காரஜீனன், 461 மெத்தில் செல்லுலோஸ், தண்ணீரைக் கட்டிவைப்பவை. 621 அஜினோமோட்டோ. 250 சோடியம் நைட்ரைட். நக்கெட்டில் பொதுவாக இருக்காது, சாசேஜ், சலாமி, பெப்பரோனியில் இருக்கும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு.

சதவீதம் போடாத பையில் புரதத்தை வைத்து ஓரளவு கணிக்கலாம். 100 கிராமுக்குப் புரதம் 13.5, மாவுச்சத்து 18 என்று இருக்கிறதென்று கொள்வோம். 18 கிராம் மாவுச்சத்து கோதுமையிலிருந்து வந்தால் கூடவே சுமார் 2.5 கிராம் புரதம் வந்திருக்கும். மிச்சம் 11. பட்டியலில் சோயா இருந்தால் இன்னும் 2 கழியுங்கள், மிச்சம் 9. கோழிக்கறியில் புரதம் ஏறத்தாழ 20 சதவீதம். ஆக அதில் கறி 45 கிராம் அளவுக்குத்தான். கொழுப்பு புரதத்தைவிட அதிகமாக இருந்தால் தோலும் எண்ணெயும் தாராளம் என்று அர்த்தம்.

சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நேரடியாகப் பார்க்கலாம். உறைந்த நக்கெட் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரில் சில விநாடி முக்கி எடுங்கள். மேல்மாவு மட்டும் இளகும், உள்ளே உறைந்தே இருக்கும். கத்தியின் முதுகால் மாவைச் சுரண்டி, துணியால் ஒற்றி, உள்ளீட்டை நிறுங்கள். 70 கிராம் வந்து, பையில் 52 சதவீதம் என்றிருந்தால் அந்த உள்ளீட்டிலேயே கால்பங்கு கோழி இல்லை. பிறகு அதை வெந்நீரில் வேகவைத்துக் கையால் பிய்த்துப் பாருங்கள். கறித்துண்டாக இருந்தால் நார்நாராகக் கிழியும். கூழாக அரைத்தது இட்லி போல் எந்தப் பக்கமும் ஒரே சீராக உடையும், சின்னச் சின்னத் துளைகள் தெரியும்.

உணவகத்தில் இந்த வழி எதுவும் இல்லை. மத்திய உரிமம் பெற்றவர்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருப்பவர்களும் மெனுவில் கலோரியைப் போடவேண்டும், ஒவ்வாமைப் பொருட்களைச் சொல்லவேண்டும், கேட்டால் ஊட்டச்சத்து விவரம் தரவேண்டும் என்பது 2022 ஜூலை முதல் நடைமுறை. சிக்கன் சதவீதம் அதில் இல்லை. பைக்கு ஒரு விதி, அதே பொருள் தட்டுக்கு வந்தால் இன்னொரு விதி என்பதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. சரக்கைச் செய்த ஆலைக்கு அந்தச் சதவீதம் தெரியும். அதை மெனுவில் ஒரு வரியாகச் சேர்க்கச் செலவே இல்லை. அதுவரை ஊட்டச்சத்து விவரத்தைக் கேட்டு வாங்குங்கள், மேலே சொன்ன புரதக் கணக்கைப் போடலாம். ‘பேட்டியா, முழுத்துண்டா’ என்றும் கேளுங்கள். முழுத்துண்டு என்று சொன்னால் அதைப் பிய்த்ததும் தெரிந்துவிடும்.

சந்தேகம் வலுத்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கே ஓர் உரிமை தருகிறது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனையைப் பலரும் தவறவிடுகிறார்கள்: வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று சொல்லியிருக்கவேண்டும். சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. பொத்தாம்பொதுவாக ‘தரம் பாருங்கள்’ என்று எழுதிக்கொடுத்தால் கிருமிச் சோதனையோடு முடித்துவிட வாய்ப்புண்டு. புரதம், கொழுப்பு, ஈரப்பதம், கால்சியம், பாஸ்பேட், எந்த விலங்கின் கறி என்ற டி.என்.ஏ. சோதனை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மனுவில் எழுதுங்கள். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பை பிரிக்காமல், உறைந்த நிலையிலேயே, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு கொண்டுபோங்கள். உருகிப்போன மாதிரியில் ஈரப்பதக் கணக்கு செல்லாது.